கடல் நிலை: நன்று

பதினோரு நாளாகக் காற்று இல்லை. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் கரையை ஒரு தடவை நக்கிவிட்டுப் பின்னால் போகும், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆகா ஓகோ என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எடுக்கட்டும், அவர்களுக்கு என்ன? முடிச்சக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிச்சக்கா என்பது கரையில் வைத்த பெயர். கடல்பாசி வளர்க்கிற வேலையில் முடிச்சுதான் எல்லாம். ஒரு பிடி பாசியைக் கிள்ளி, நூலில் கோத்து, கயிற்றில் சாண் இடைவெளியில் கட்ட வேண்டும். இறுக்கினால் தண்டு அறுந்துவிடும், தளர்த்தினால் கடல் கொண்டுபோய்விடும். மற்றவர்கள் ஒரு கயிறு கட்டி நிமிர்வதற்குள் அக்கா இரண்டு கட்டிவிட்டு மூன்றாவதை மடியில் இழுத்துப் போட்டிருப்பாள். அந்தக் கயிறுகளை மூங்கில் மிதவையில் இருபது இருபதாகக் கட்டி, கடலில் அவரவருக்கு ஒதுக்கிய இடத்தில் மிதக்கவிட வேண்டும். நாற்பத்தைந்து நாளில் வளர்ந்துவிடும். வெட்டியதில் ஒரு பங்கை விதையாக எடுத்து மறுபடி கட்ட வேண்டும். அந்தப் பங்கு போய்விட்டால் அடுத்த சுற்று என்று ஒன்று கிடையாது. பாசிக்குப் பாசிதான் விதை.

கயிற்றில் பாசியின் நுனி வெளுத்திருந்தது. தொட்டதும் கையோடு வந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. தண்ணியில காலை வைங்க முதல்ல."

அவள் புருஷன் கரையில் மூங்கிலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நங்கூரம் என்று பெயர். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார், ஒரு பேச்சைப் பிடித்தால் விடமாட்டார். அது தெரிந்துதான் யாரோ வைத்திருக்கிறார்கள். மெதுவாக இறங்கி வந்தார்.

"வெதுவெதுன்னு இருக்கு. வெயில் காலம்தானே."

"வெதுவெதுன்னா? குளிக்க விளாவி வச்ச மாதிரி இருக்குங்க. காலையில எட்டு மணிக்கே இப்படின்னா மத்தியானம் என்ன ஆகும்? மிதவையை எல்லாம் அவுத்து அந்தப் பாறைத் திட்டைத் தாண்டி இழுத்துட்டுப் போயிடலாம். அங்க ஆழம். அடியில இருந்து குளிர்ச்சி ஏறி வரும்."

"காத்து அடிச்சா மிதவையை நகத்துவாங்க. கடல் நல்லா இருக்கறப்ப யாராவது நகத்துவாங்களா? அதுவும் நம்ம இடத்தை விட்டு வெளிய. எல்லைக் கல்லுல நம்பர் அடிச்சுக் குடுத்திருக்காங்க. ரோந்துப் படகு பாத்தா இடத்தையே ரத்து பண்ணிடுவான்."

"பாசி செத்துட்டா இடத்தை வச்சு என்ன பண்றது?"

"சாகாது. ரெண்டு நாள்ல காத்து திரும்பும்."

காத்து திரும்பவில்லை. அது நங்கூரத்தாரிடம் சொல்லிவிட்டா வரும்?

அவர் மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் அவரிடம் சொந்தப் படகு இருந்தது. கரையோரத்திலேயே வலை போட்டு மதியத்துக்குள் வீடு திரும்புவார். பிறகு மீன் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. குளிர்ந்த தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விட்டது என்று படித்தவர்கள் சொன்னார்கள். மீனுக்குத் துடுப்பு இருக்கிறது, போய்விட்டது. சின்னப் படகு அவ்வளவு தூரம் போகாது. படகு கைமாறியது, பாசிக்கு வந்தார்கள். இந்த இடமும் போனால் கடலில் அவர்களுக்கென்று ஒரு முழம்கூட இல்லை. அதனால்தான் மனுஷர் அந்த நம்பரை அப்படிக் கட்டிக்கொண்டு கிடந்தார்.

பத்து நாளில் ஆறு மிதவையும் வெளுத்தது. முதலில் நுனி, பிறகு தண்டு, பிறகு முடிச்சோடு கழன்று கரையில் ஒதுங்கி நாறியது. முடிச்சக்காவும் நாத்தனாரும் கூடை கூடையாக வாரிக் குழியில் போட்டார்கள். நாத்தனார் என்றால் நங்கூரத்தின் அக்கா. கண்ணாடி போட்டிருப்பாள், கண்ணாடியைவிட நாக்கு கூர்மை. தம்பி வீட்டில்தான் இருக்கிறாள், சமையலும் மிதவை அமிழாமல் இருக்கக் காலிக் கேன் கட்டுவதும் அவள் பொறுப்பு.

இதில் ஒரு கூத்து. கடைசி மிதவையில் மட்டும் மூன்று கயிறு பச்சையாகவே இருந்தது. ஏன் என்று பார்த்தால், அந்த மூலையில் கட்டிய கேன் ஓட்டை. மிதவை ஒரு பக்கம் முழம் அளவு அமிழ்ந்து கிடந்திருக்கிறது.

"பாத்தியா, நான் கட்டுன கேன்தான் காப்பாத்திச்சு" என்றாள் நாத்தனார்.

"ஓட்டைக் கேனை எடுத்துக் கட்டிட்டுப் பேச்சைப் பாருங்க அண்ணி."

"வேணும்னேதான் கட்டினேன், போ."

அத்தனை எரிச்சலிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூன்று கயிற்றிலும் கல்லைக் கட்டி இன்னும் கொஞ்சம் இறக்கினாள். ஆனால் அங்கே ஆழமே மார்பளவுதான். மத்தியானம் ஆனால் தரை வரைக்கும் சூடு. கல் கட்டினால் நாலு நாள் தள்ளிப்போடலாம், தப்பிக்க வைக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் இடம் ஒதுக்குகிற அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. அவசரக்காரர். மணலில் ஷூ புதையாமல் ஒரு பலகை மேல் நின்றுகொண்டார். அக்கா தூரத்தில் தண்ணீரில் நின்றாள், நாத்தனார் அடுப்படியில். கரையில் இருந்தது நங்கூரம் மட்டும்.

"போன சுற்றும் போச்சு, விதை மையத்துல இருந்து விதை குடுத்தோம். இப்ப இதுவும் போச்சா?"

"ஆமா சார்."

"ரெண்டு சுற்று தொடர்ந்து காலின்னா இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கணும். கடலால போயிருந்தா மட்டும்தான் விதிவிலக்கு. கடல் எப்படி இருந்துச்சு இந்த மாசம்?"

"கடலா? நல்லா இருந்துச்சு சார். இந்த மாதிரி நல்லா இருந்து நான் பாத்ததே இல்ல."

"காத்து?"

"காத்தே இல்ல."

"அலை?"

"அலையா? குளம் மாதிரி கிடக்கு சார்."

"அப்ப பாசி ஏன் போச்சு?"

"அதான் சார் புரியல. தானா வெளுத்துப் போச்சு."

அதிகாரி எழுதிக்கொண்டார், கையெழுத்துக்கு நீட்டினார். நங்கூரம் படித்துப் பார்த்தார். 'கடல் நிலை: நன்று' என்று இருந்தது. தான் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த வரிக்கு அவர் கண் போகவில்லை.

கடலில் பிழைக்கிறவன் வாயில் 'கடல் நல்லா இருக்கு' என்றால் படகு இறக்கலாம் என்று அர்த்தம். காற்றில்லை, அலையில்லை, ஆளைக் கவிழ்க்காது. வேறு எதுவும் அதில் கிடையாது. இவ்வளவு நல்லா இருக்கிறதே என்று அவர் சொன்னது புகாராகத்தான். ஆனால் சொன்ன குரல் காகிதத்தில் ஏறுமா? ஏறாது.

மறுநாள் நகல் வந்தது. முடிச்சக்கா உப்புத் தண்ணீரைக் கழுவிக்கொண்டிருந்தாள், நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"கடல் நிலை நன்று. காத்து இல்லை. அலை இல்லை. இழப்புக்கான காரணம், புயல் இல்லை, கடல் சீற்றம் இல்லை, வெள்ளம் இல்லை. பிற. பிறன்னு போட்டு, பராமரிப்புக் குறைவுன்னு எழுதியிருக்கு."

"என்னது?"

"பராமரிப்புக் குறைவு."

அக்கா ஈரக் கையோடு வந்து வாங்கிப் பார்த்தாள். விரல் பட்ட இடத்தில் காகிதம் நனைந்தது.

"யாருங்க சொன்னது பராமரிப்புக் குறைவுன்னு? விடிஞ்சதுல இருந்து தண்ணியில கிடக்கேன். என் காலைப் பாருங்க, ஊறி ஊறி வெடிச்சுக் கிடக்கு. இது குறைவா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா. கடல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டார். நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். நல்லாதானே இருந்துச்சு?"

"எங்கங்க நல்லா இருந்துச்சு? கொதிச்சுக் கிடக்கற கடலைப் போயி நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களே!"

"பின்ன என்னன்னு சொல்றது? கெட்டுப் போச்சுன்னு சொன்னா காத்து மழைன்னு அர்த்தம். அது பொய்யில்ல?"

"சூடுன்னு சொல்ல வேண்டியதுதானே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கடலைப் போய் சூடுன்னு யாரு சொல்வா?" என்றார் நங்கூரம். அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அந்த வார்த்தை வந்திருக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கொரு பெயர் வைத்திருக்கிறோம். சும்மா கிடந்தே கொல்கிற கடலுக்குப் பெயர் வைக்க யாருக்கும் இதுவரை வேலை வந்ததில்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் சோறு ஆக்கியபடியே இருந்தது.

மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி வெளியே. எழுத்தர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.

"திருத்தணும் சார்" என்றாள் அக்கா. "காரணத்தைத் தப்பா எழுதியிருக்கு."

"கையெழுத்து யாரோடது?"

"இவரோடதுதான்."

"அப்புறம் என்னம்மா?"

"இவருக்குச் சொல்லத் தெரியல சார். தண்ணி சுட்டுச்சு. அதுல வெந்துதான் பாசி போச்சு. சூடுன்னு எழுதுங்க."

எழுத்தர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூடுன்னு கட்டம் இல்லையே."

"பிறன்னு ஒண்ணு இருக்கே."

"அதுலதான் எங்க சார் ஏற்கெனவே எழுதிட்டாரே."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "சரி, சீற்றம்னு போட்டுக்கோங்க. யாரு கேக்கப் போறா?"

"அம்மா, படகுப் பதிவேடு இங்கதான் இருக்கு. ஒரு நாள் விடாம எல்லாப் படகும் போயிட்டு வந்திருக்கு. சீற்றம்னு போட்டா என் வேலை போயிடும்."

"அக்கா, சும்மா இரு" என்று நங்கூரம் தன் அக்காவை அடக்கினார்.

"நீ சும்மா இருந்திருந்தா நான் ஏன்டா பேசறேன்?"

"கடல் சூட்டை அளக்க உங்ககிட்ட கருவி ஏதும் இல்லையா சார்?" என்று கேட்டாள் முடிச்சக்கா.

"இருக்கே. படகுத்துறையில மாட்டியிருக்கு. அதுல சாதாரணமாத்தான் காட்டுது."

"படகுத்துறை ஆழத்துல இருக்கு சார். நாங்க ஓரத்துல இருக்கோம். நீங்க ஒரு தடவை வந்து காலை வச்சுப் பாருங்க."

"என் காலை வச்சுப் பாத்தேன்னு எப்படிம்மா ரிப்போர்ட் எழுதறது?"

எழுத்தருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது போல. குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. மறு ஆய்வு கேட்டு மனு குடுங்க. உங்க இடத்துல உயிரோட மூணு கயிறு இருந்தாப் போதும், காலி இடம்னு எடுத்துக்க மாட்டாங்க. மூணுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் காலிதான். இருக்கா மூணு?"

"சரியா மூணு இருக்கு சார்."

அக்கா அங்கேயே நின்று மனு எழுதினாள். 'எங்கள் இடத்தில் மூன்று கயிறு பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது' என்று எழுதி, உயிரோடு என்பதற்குக் கீழே கோடு போட்டாள். வியாழக்கிழமை சார் வருவார் என்று எழுத்தர் சொன்னார். அன்றைக்கு ஞாயிறு போய்த் திங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகக் கடலில் இறங்கினாள். ஒரு கயிற்றைத் தூக்கி நுனியைப் பார்த்தாள். பச்சைதான், ஆனால் அந்தப் பளபளப்பு இல்லை.

"வியாழன் வரைக்கும் தாங்கறதே சந்தேகம்" என்றாள். "மனுவெல்லாம் குடுத்தாச்சு, சரி. ஆனா எனக்கு இந்தப் பாசி வேணும். இன்னைக்கே ஆழத்துக்கு இழுத்துட்டுப் போயிடலாம்."

"இடம் போயிடும்மா."

"போகட்டும். இது உயிரோட இருந்தா எங்க வேணும்னாலும் கட்டிக்கலாம்."

"எங்க கட்டுவ? இடமில்லாம வானத்துலயா கட்டுவ?"

"அப்ப இப்படிச் செய்யலாம். இப்ப கொண்டுபோயிட்டு, வியாழக்கிழமை காலையில திருப்பி இழுத்துட்டு வந்துடலாம்."

"போன தடவை அந்த ஆள் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே வந்து நின்னார். வந்து பாக்கறப்ப இடம் காலியா கிடந்தா? தண்டு வேற இளகிப் போயிருக்கு. ரெண்டு தடவை இழுத்தா வழியிலயே பாதி உதிர்ந்துடும். மூணு ரெண்டாச்சுன்னா முடிஞ்சுது. நீயே சொல்லு, உதிராதா?"

உதிரும். அது அவளுக்கும் தெரியும். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முட்டாள்தனமாகப் பேசினால் முறித்துக்கொண்டு போய்விடலாம்.

"நாலு நாள்தானேம்மா" என்றாள் நாத்தனார். "தம்பி இந்த இடத்துக்காகப் படகையே விட்டான். இதையும் விட்டா அவன் மனுஷனா இருக்க மாட்டான். எனக்காகப் பொறுத்துக்கோ."

முடிச்சக்கா பொறுத்துக்கொண்டாள். தென்னங்கீற்று முடைந்து மிதவை மேல் நிழல் போட்டாள். கல்லை இன்னும் ஒரு சுற்றுக் கட்டினாள். மத்தியானத்தில் போய்த் தண்ணீரைக் கையால் அலசி அலசி விடுவாள். கடலைக் கையால் விசிறி ஆற்றப் பார்க்கிறாள் என்று கரையில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பாசி எல்லாம் போன வாரமே குழிக்குப் போயிருந்தது.

வியாழக்கிழமை காலையில் மூன்று கயிறும் பச்சையாக இருந்தன. நங்கூரம் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பலகையைத் துடைத்து வைத்தார். அதிகாரி வரவில்லை. பத்து மணிக்குப் போன் போட்டார்கள்.

"சார் வெளியூர் கேம்ப் போயிருக்கார்" என்றார் எழுத்தர்.

"இன்னைக்கு வரேன்னாரே."

"வருவார், வருவார்."

மத்தியானம் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் எடுத்தார்கள். "நாளைக்கு வருவார்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, வருவாரா?" என்று அக்கா கத்தினாள். லைன் கட்டாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு கயிறு வெளுக்கத் தொடங்கியது. மத்தியானம் அக்கா மிதவையை அவிழ்க்கப் போய்விட்டாள். நங்கூரம் மார்பளவு தண்ணீரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு நாள். இவ்வளவு பொறுத்துட்டோம். இப்பப் போயி விட்டா நாலு நாள் நின்னது வீணாயிடும்."

அவள் கையை உதறினாள், ஆனால் கயிற்றை அவிழ்க்கவில்லை. இந்த 'இவ்வளவு பொறுத்துட்டோம்' இருக்கிறதே, அதைப்போல ஆளை ஏமாற்றுகிற பேச்சு வேறில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு வண்டி வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். தாடி வளர்ந்து, சட்டை கசங்கி, ஆள் இரண்டு நாளாகத் தூங்காதவர் போலிருந்தார். இந்தத் தடவை பலகையைத் தேடவில்லை. ஷூவோடு மணலில் நடந்து வந்தார்.

"கவலையை விடுங்க. இடம் உங்களுக்குத்தான். எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வச்சுக் கொண்டாந்துட்டேன்" என்று காகிதத்தை நங்கூரத்தின் கையில் கொடுத்தார்.

நங்கூரம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாத்தனார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க சார், டீ போடறேன்" என்று உள்ளே ஓடினாள்.

"டீ இருக்கட்டும்மா. முதல்ல அந்த மூணு கயிறைக் காட்டுங்க."

வண்டியின் பின்புறம் இருந்து ஓட்டுநர் ஒரு நீல டிரம்மை உருட்டி இறக்கினார். மூடியிட்டு, ஈரச் சாக்குச் சுற்றியிருந்தது.

"இது என்ன சார்?" என்று கேட்டாள் அக்கா.

"விதை மையத்துல எல்லாத் தொட்டியும் போச்சும்மா. கடல் தண்ணியத்தானே உள்ள எடுக்கறோம், அதுவும் சூடு. மூணு நாளா வடக்க, தெக்க ஒரு கரை விடாம சுத்திட்டேன். எங்கயும் ஒரு பிடி விதை இல்ல. நேத்து ராத்திரி உங்க மனுவைப் பாத்தேன். உயிரோடன்னு கோடு போட்டு எழுதியிருந்தீங்க. குளிர்ந்த தண்ணி ரொப்பிட்டு விடிஞ்சதும் கிளம்பிட்டேன். குடுங்க, பத்திரமா வச்சுப் பெருக்கி உங்களுக்கும் மத்தவங்களுக்கும் திருப்பித் தரேன்."

அக்கா அவரையே பார்த்தாள்.

"வியாழக்கிழமை இருந்துச்சு சார்" என்றாள்.

"இப்ப?"

அவள் தண்ணீரில் இறங்கினாள். அதிகாரியும் பேண்ட் நனைய அவள் பின்னாலேயே வந்தார். முதல் அடியிலேயே அவர் முகம் மாறியது. முதல் கயிற்றைத் தூக்கினாள், வெறும் நூல். இரண்டாவதில் வெள்ளைத் தோல் மட்டும் தொங்கியது. மூன்றாவதை முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சுகள் ஒன்றுகூட அவிழவில்லை. உள்ளேதான் ஒன்றுமில்லை.

"இவ ஆழத்துக்கு இழுத்துடலாம்னுதான் சொன்னா சார்" என்றார் நங்கூரம், பின்னாலேயே தண்ணீரில் இறங்கி வந்தபடி. "தினமும் சொன்னா. இடம் போயிடும்னு நான்தான் விடல."

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அட, இழுத்திருக்கலாமே! விதையைக் காப்பாத்தறதுக்காக நகத்தினா நான் ஏதாவது சொல்லியிருப்பேனா?"

"அதை எங்க சார் எழுதி வச்சிருக்கீங்க?" என்றாள் முடிச்சக்கா. "எந்தக் கட்டத்துல எழுதி வச்சிருக்கீங்க? சொல்லுங்க. கடல் நல்லா இருக்குன்னு எழுதத் தெரிஞ்சுது, என் பராமரிப்பைக் குறைவுன்னு எழுதத் தெரிஞ்சுது, இதை ஒரு வரி எழுதி எங்க கண்ணுல காட்டியிருந்தா என்ன சார்?"

நங்கூரம் முத்திரை வைத்த காகிதத்தை நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

ஓட்டுநருக்கு இதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. டிரம்மைப் பிடித்துக்கொண்டே குரல் கொடுத்தார். "சார், இதைத் திரும்ப ஏத்தவா? தண்ணியோட ரொம்பக் கனம்."

"கொட்டிடுங்கண்ணே" என்றாள் அக்கா. "இங்கயே கடல்ல கொட்டுங்க. கொஞ்சமாவது ஆறட்டும்."

ஏதோ தமாஷ் என்று நினைத்து அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மூடியைத் திறந்து, டிரம்மைச் சாய்த்துக் கொட்டினார்.